மான் தீவுக்கு இரண்டு வண்டிகள்

1

புனேயை வெளிநாடு என்று சொன்னால் கோயம்புத்தூரில் சிரிப்பார்கள். ரயிலில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாம், பாஸ்போர்ட் கேட்க ஆள் கிடையாது. சிரிக்கட்டும். நான் இங்கே வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. பால் போடுகிறவரிடம் மராத்தி, ஆட்டோக்காரரிடம் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு தமிழ். ஒரே நாளில் இத்தனை முறை வாயை மாற்றிக்கொள்கிறவனை உள்ளூர்க்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரும் சொன்னதில்லை.

வந்து சேர்ந்த நாளை என் மனைவி கலா மறப்பதில்லை. இந்த ஆண்டு ஒப்புட்டு சுட்டாள். மகன் இனியன் பாணேரிலிருந்து வந்தான். கைக்குழந்தையாக எங்களோடு ரயிலேறியவன். இப்போது மென்பொருள் வேலை, வாடகைக்குத் தனி வீடு. நாங்கள் இருக்கும் விமான் நகருக்கும் அவனுடைய பாணேருக்கும் நடுவில் மொத்த ஊரும் கிடக்கிறது. போக்குவரத்து நெரிசல் என்ற காரணம் அவனுக்கு எப்போதும் கைவசம் உண்டு. தட்டைப் பார்த்ததும், "அட, பூரண்போளி!" என்றான்.

"ஒப்புட்டுடா," என்றாள் கலா.

"அதேதாம்மா. ஒண்ணுதானே ரெண்டும்."

இரண்டாவதைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் திரும்பினான். "அப்பா, இருபத்தஞ்சு வருஷம். இதுக்கு ஒரு பார்ட்டி வெச்சு முடிச்சுடக் கூடாது. மான் தீவு போலாமா? நீங்களும் நானும். வண்டியில."

கலா கரண்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் சரி என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. அவ்வளவு அவசரம் அதில் இருந்தது.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மான் தீவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கிறது. உலகத்திலேயே பேர்போன மோட்டார் சைக்கிள் பந்தயத் தடம் அங்கேதான். தடம் என்றால் வேலி போட்டுக் கட்டியது அல்ல, தீவைச் சுற்றி ஓடும் ஊர்ச்சாலை. பந்தய நாட்களில் அடைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அதே சாலையில் பள்ளிக்கூடப் பேருந்து போகும், பால் வண்டி போகும். உரிமம் உள்ள எவரும் வண்டியை எடுத்துக்கொண்டு முழுச் சுற்றும் போய் வரலாம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். வீட்டு மதிலை உரசிக்கொண்டு ஓடி, மலையேறி, மூடுபனிக்குள் புகுந்து இறங்கும். செத்தவர்களுக்கு வளைவுகளில் கல் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சாலையை எனக்கு அறிமுகம் செய்தது செய்தி ஏஜென்சிப் படம் ஒன்று. கோயம்புத்தூரில் ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒருவன் மதில் ஓரமாக வண்டியைப் படுக்க வைத்து வளைகிறான். மதிலுக்கு மேல் ஒரு கிழவர் கையில் கோப்பையோடு உட்கார்ந்து அவனைப் பார்க்கிறார். அந்தப் படத்தை அன்றைக்குப் பக்கத்தில் வைக்க இடம் கிடைக்கவில்லை, கபடிச் செய்தி வந்துவிட்டது. இனியன் சிறுவனாக இருக்கும்போது தூங்க வைக்க நான் சொன்னதெல்லாம் அந்தச் சாலையைப் பற்றித்தான். எனக்கு ராஜா கதை தெரியாது. தீவின் வளைவுகளை வரிசையாகச் சொல்லுவேன், பாதி வழியில் தூங்கிவிடுவான். வளர்ந்த பிறகு தமிழில் அவன் தடுமாறாமல் பேசுகிற விஷயம் வண்டி ஒன்றுதான். எங்களுக்குள் மிச்சமிருப்பதும் அதுதான்.

ஆகவே இந்தப் பயணத்தில் எனக்கு என்ன இருந்தது என்பதில் குழப்பம் வேண்டாம். சாலை அப்புறம். பத்து நாள் என் மகன் என்னோடு இருப்பான். போனை வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, எனக்கு முன்னாலோ பின்னாலோ.

3

திட்டம் இது. பந்தயமெல்லாம் முடிந்து சாலை ஓயும் செப்டம்பர். இங்கிலாந்தின் மேற்குக் கரையில் வாடகைக்கு இரண்டு வண்டி. அவற்றைக் கப்பலில் ஏற்றித் தீவு. அங்கே ஒரு அம்மாள் நடத்தும் விடுதி. வண்டியும் தங்குமிடமும் நான் பார்க்க வேண்டும், விமானம் அவன். விசா விண்ணப்பத்தையும் சேர்த்து நானே நிரப்புகிறேன் என்றேன். "வேணாம்பா, என்னோடதை நான் பார்த்துக்கறேன்," என்றான். பிள்ளை பொறுப்பாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்தேன். என் உரிமம் கோயம்புத்தூரில் எடுத்தது. முகவரியை மாற்றினால்தான் ஆகும், மாற்றக் கோயம்புத்தூரிலிருந்து ஆட்சேபம் இல்லை என்று வர வேண்டும். வந்தது. சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் என் பெயரைத் திரையில் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆட்னாவ் காய்?"

குடும்பப் பெயர் என்ன என்கிறார். இங்கே கால் வைத்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. வங்கியில், ஆஸ்பத்திரியில், எரிவாயு இணைப்புக்கு, இனியனைப் பள்ளியில் சேர்க்கும்போது. இல்லை என்பேன்.

"ஆட்னாவ் நாஹி?" அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினார். "அரே, யாலா ஆட்னாவச் நாஹி!" ஆளுக்குக் குடும்பப் பெயரே இல்லையாம். இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். பணப்பையைத் தொலைத்தவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மராட்டியத்தில் குடும்பப் பெயர்தான் ஆள். பள்ளித் தோழர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இனியன் சேர்ந்திருக்கும் வண்டிக் குழுவிலும் அதுதான் வழக்கம். ஞாயிறு விடிகாலையில் கிளம்பி, மலைச்சாலையில் ஏறி இறங்கி, வாய் என்ற ஊரில் காரமான பயறு மிசல் தின்றுவிட்டு வெயிலுக்கு முன் திரும்புகிற கூட்டம். பயிற்சிக்காக நானும் போக ஆரம்பித்தேன். தலைவர் ஜக்தாப், பெரிய மீசை, ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். முதல் நாள் "ஓ தங்கராசு!" என்று கத்தினார். நானும் திரும்பினேன், இனியனும் திரும்பினான். தங்கராசு என் பெயர். எங்கள் வழக்கப்படி மகனுக்குப் பின்னால் அதுதான் ஒட்டியிருந்தது.

"தோன் தோன் தங்கராசு!" ரெண்டு தங்கராசு! ஜக்தாப் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் படா தங்கராசு, அவன் சோட்டா தங்கராசு. எல்லாரும் சிரித்தார்கள். இனியனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நான் என்னவோ அந்த ஞாயிறுகளில் சந்தோஷமாக இருந்தேன்.

4

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பெயர் கேட்டால் பெயர் சொல்கிறோம், முன்னால் ஒரு எழுத்து, முடிந்தது. தெருப் பலகையிலிருந்தே சாதியை எடுத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் என் அப்பா அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் பெயருக்குப் பின்னால் வழக்கமான வார்த்தையைச் சேர்த்து எழுத, அதை அடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லையாம்.

நான் பத்திரிகைக்குப் போனபோது அதுவே வேலையாகவும் அமைந்தது. ஊர் மோட்டார் பந்தய முடிவுகள் வரும். கணபதிப் பகுதியின் பட்டறைப் பையன்கள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் ஓட்டுவார்கள். அனுப்புகிறவர்கள் முதலாளி வீட்டுப் பெயர்களுக்கு மட்டும் பின்னால் சாதி வாலைச் சேர்த்து அனுப்புவார்கள். எங்கள் மேசையில் ஒரே விதி: வால் அச்சில் ஏறாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடித்துவிடுவோம். தொலைபேசியில் வந்து திட்டுவார்கள், மறுநாளும் அடிப்போம். நான் செய்த வேலையில் சந்தேகம் இல்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய அந்த வார்த்தையை இங்கேயும் எழுதப்போவதில்லை.

5

பிரிட்டன் விசாவே தீவுக்கும் போதும். விண்ணப்ப மையத்தில் இருவருக்கும் ஒரே நேரம் கொடுத்திருந்தார்கள். வெளியே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இனியன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, உள்ள என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லப் போறோம். எதுக்குப் பயம்?"

"பயமெல்லாம் இல்லப்பா."

"அப்ப காலை நிறுத்து, நாற்காலியே ஆடுது."

நிறுத்தினான். ஏதோ சொல்ல வந்தவன் போல என் பக்கம் திரும்பினான். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு காவலாளி வந்து, குடும்பப் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒரு ஷிண்டே எழுந்து போனார். ஒரு குல்கர்ணி குடும்பத்தோடு போனார். பிறகு அந்த வார்த்தை.

உச்சரிப்பு சரியாகவே இருந்தது. என் உடம்பு நிமிர்ந்தது. நம் பக்கத்து ஆள் யாரோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார், அதுவும் வாலோடு திரிகிறார் என்று செய்திக்காரன் புத்தியில் எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் வேட்டி கட்டிய ஒருவரை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். யாரும் எழவில்லை. காவலாளி இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார்.

என் மகன் எழுந்தான்.

"அப்பா, வெளிய வந்து சொல்றேன்," என்றான். குரல் தணிந்திருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்து "தங்கராசு" என்று கூப்பிட்டார்கள். நான் ஒருவன்தான் எழுந்தேன்.

உள்ளே கைரேகை வைத்தேன், படத்துக்கு உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றுங்கள் என்றாள் அந்தப் பெண். கழற்றினேன். என்னோடு பயணம் செய்கிறவர் யார், என்ன உறவு என்று கேட்டாள். மகன் என்றேன். அவள் இரண்டு பெயரையும் திரையில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சொந்த மகனா, சார்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு அது ஒரு கட்டம், நிரப்ப வேண்டும்.

6

கேம்ப் பகுதியில் ஓர் இரானி உணவகத்தில் உட்கார்ந்தோம். என் அலுவலகத்துக்குப் பக்கம், பரிசாரகருக்கு என்னைத் தெரியும். கேட்காமலே வெண்ணெய் தடவிய பன் மஸ்கா இரண்டும் டீயும் வைத்துவிட்டுப் போனார். இருவரும் தொடவில்லை.

"எப்ப மாத்தினே?"

"போன வருஷம். கெஸட்ல போட்டு, பாஸ்போர்ட், லைசென்ஸ் எல்லாம். பைக் குரூப்லதான் இன்னும் சொல்லல."

"எதுக்கு?"

"அப்பா, ஆபீஸ்ல என்னை என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமா? தங்கராசு. மெயில்ல தங்கராசு. மீட்டிங்ல தங்கராசு. காலேஜ்ல தங்கராசு. அது நீங்க. இனியன்னு கூப்பிடறது நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

"அப்ப வேற ஏதாச்சும் வெச்சிருக்கலாமே. ஊர்ப் பேர் வெச்சிருக்கலாம்."

"வெச்சா விட்டுடுவாங்களா? தங்கராசு சர்நேம் இல்ல, எங்க அப்பா பேருன்னு சொல்லுவேன். ஓகே, அப்ப நெஜ சர்நேம் என்னம்பாங்க. இல்லைன்னா மொகம் மாறும். வீடு பார்க்கப் போனேன், அபார்ட்மெண்ட் சொசைட்டி செக்ரட்டரி சுத்திச் சுத்தி அதையே கேட்கறான். இல்லைங்கறவன் எதையோ மறைக்கறான்னு நெனைக்கறாங்க. மத்லப், அதாவது, கீழ இருந்து வந்தவன்னு. இந்த ஒரு வார்த்தை சொன்னேன், அதோட நிறுத்திட்டாங்க. சாவி குடுத்துட்டான்."

"எதைக் கேட்டதும் நிறுத்தினாங்கன்னு யோசிச்சியா?"

"தெரியும்பா. நான் சின்னப் பையன் இல்ல."

"இந்த வார்த்தை இல்லாதவனுக்குச் சாவி யார் குடுப்பாங்க?"

"அந்தக் கணக்கை நான் மட்டுமா தீர்க்கணும்?" குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். அவன் தணித்துக்கொண்டான். "தாத்தா வாலை வெட்டினாரு, சரி. நீங்க பேப்பர்ல எல்லார் வாலையும் வெட்டினீங்க, சரி. உங்க கல்யாணத்துக்குப் பொண்ணு எங்க பார்த்தாங்க? மாமா வீடு, சித்தப்பா வீடு, நாம போற கல்யாணம் எல்லாம் யாரோடது? எல்லாம் ஒரே ஆளுங்க. பேருல இல்ல, மத்த எல்லா எடத்துலயும் இருக்கு. நான் இருக்கறதை எழுதிட்டேன், அவ்ளோதான்."

இந்த ஊரிலும் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியவில்லை. ஆனால் அது சரியும் இல்லை. வீட்டுக்குள் அழுக்கு இருக்கிறது என்பதற்காக அதை வாசலில் பெயர்ப்பலகையாக மாட்டுவார்களா? இது எனக்கு அன்று தோன்றவில்லை, இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. தோன்றியிருந்தாலும் அவனுக்குப் புரிகிற தமிழில் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

"அந்த வார்த்தையை உனக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் டீயை எடுத்தான். ஆடை படிந்திருந்தது. "வண்டிப் பயணத்தை இதோட சேர்க்காதீங்கப்பா. ப்ளீஸ். அது வேற, இது வேற."

7

கலா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னதுங்க?"

"இனியன் பேரு."

கை நிற்கவில்லை. "அவன் கேட்டானுங்க, சொன்னேன். பொய்யா சொன்னேன்? என்ற அப்பா கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கறதுதானுங்க."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியும். அவங்கூடப் பேச மாட்டீங்க. அவனும் வர மாட்டான். மாசத்துக்கு ஒருக்கா வாறதையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா?" மாவை உருட்டித் தட்டில் வைத்தாள். "உங்களுக்கு உங்க அப்பா பெரிசு. எனக்கு என்ற பையன் வாறது பெரிசு. போயிட்டு வாங்க ரெண்டு பேரும். அங்க வந்து யாருங்க கேக்கப் போறாங்க?"

அடுத்த ஞாயிறு குழுவோடு வாய் ஊருக்குப் போனோம். ஜக்தாப் வழக்கம்போல "சோட்டா தங்கராசு!" என்று கூப்பிட்டார். இனியன் அவரை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ சொன்னான். ஜக்தாப் தலையாட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து, தோளில் கை போட்டு, இந்தியில் சொன்னார்: "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை, தங்கராசுஜி? நல்ல குடும்பம்தான் நீங்கள். எங்கள் ஆட்களுக்குச் சமம்." உண்மையான பிரியத்தோடு சொன்னார். மிசல் தட்டை முதலில் என் பக்கம் தள்ளினார். அதுவரை அவர் எனக்கு மரியாதைக்கு ஜி போட்டதில்லை.

8

விசா வந்துவிட்டது, இருவருக்கும். விமானச் சீட்டை இனியன் எடுத்துவிட்டான். வண்டி வாடகைக்கும் இரண்டு பெயரை அனுப்பியாயிற்று. அது கணினியில் முடிந்த வேலை, பெயரை நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் போதும். விடுதி பாக்கி. அதை நடத்தும் அம்மாளுக்குக் கணினி ஆகாது, தொலைபேசியில்தான் பதிவு. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்ததை மறைக்கவில்லை. ஒரு காரணம் சொன்னால் போதும், முதுகு வலி என்றால்கூடப் போதும். அவன் குழுவில் வேறு ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த வேறு ஒருவன் என் இடத்தில் மூடுபனிக்குள் ஏறிப் போவதை மனதில் பார்த்த பிறகு எண்ணைச் சுழற்றினேன்.

நல்ல குரல். வயதானவர். பின்னால் நாய் குரைத்தது. இந்தியாவிலிருந்தா, எவ்வளவு தூரம், மலைமேல் காற்று அடிக்கும், கம்பளி கொண்டுவாருங்கள் என்றார். இரண்டு கட்டில் போட்ட அறை, வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்தலாம். பெயர்களைச் சொல்லுங்கள் என்றார்.

என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரண்டாவது ஆள் என்றார். இனியன் என்றேன். அது முதல் பெயரா, கடைசிப் பெயரா என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி வேண்டும், வருகிறவர்களைப் பற்றி அரசாங்கம் கேட்கும்.

அறையில் யாரும் இல்லை. கலா கடைக்குப் போயிருந்தாள். அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதே கிடையாது. அச்சில் ஏறாமல் எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். முதல் எழுத்தைச் சொன்னேன். ம் என்றார். அடுத்ததைச் சொன்னேன். கடைசி எழுத்து வரைக்கும் நிதானமாகச் சொன்னேன். அவர் திருப்பிப் படித்துக் காட்டினார். மிகச் சரியாக இருந்தது, திருத்த ஒன்றும் இல்லை.

"அருமை," என்றார். "நண்பர்கள் இரண்டு பேரா? ஒரே வண்டிக் குழுவாக்கும்?"

நாய் மறுபடி குரைத்தது. அவர் அதை அதட்டிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாம்," என்றேன். "ஒரே குழு."